காய்ந்த போருக்குக் கிடா விருந்து

போன் அடித்தது.

சித்ராவின் கை அப்போதுதான் வால்வைத் தொட்டிருந்தது. காலை ஆறு மணி. எதிரே நாற்பது குடங்கள்... நாற்பது முகங்கள். ஒருத்தி முகத்திலும் சிரிப்பில்லை.

"தண்ணியத் தொறந்து உட்றாதீங்க. குடிச்சா இன்னும் ஆளுங்க சாவாங்க."

தெரியாத ஆண் குரல். தொட்டிச் சுவரில் எழுதியிருப்பது அவள் நம்பர்தான். யாரென்று கேட்பதற்குள் கட்!

மல்லசமுத்திரத்தை ஒட்டிய அந்தக் காலனிக்கு இருப்பது ஒரே ஆழ்துளைப் போர், அதிலிருந்து நிரம்பும் ஒரே தொட்டி. அதற்கு அவள்தான் ஆபரேட்டர். முந்தாநாள் சாலம்மாள் வாந்தி பேதியில் போய்ச் சேர்ந்தாள். இன்னும் பன்னிரண்டு பேர் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார்கள். சித்ரா பிளீச்சிங் பவுடர் போடாமல் ஏமாற்றிவிட்டாள் என்று ஊரே பேசுகிறது. வழக்கத்தைவிட இரண்டு பங்கு போட்டது போட்டவளுக்குத்தான் தெரியும்.

கையை எடுத்துக்கொண்டாள்.

இன்று தண்ணீர் கிடையாது என்றதும் வரிசை கொந்தளித்தது. செத்தவளின் மகள் பெரியநாயகி குடத்தை ஓங்கிக்கொண்டே வந்துவிட்டாள். நல்லவேளையோ கெட்டவேளையோ... போலீஸ் ஜீப் வந்து நின்றது. பின்னாலேயே ஒரு வெள்ளைக் கார்.

ஜீப்பிலிருந்து இன்ஸ்பெக்டர் சரவணக்குமார் இறங்கினார். காரிலிருந்து ஜெகதீஸ்வரன். காலனிக்குக் கிழக்கே ஜவ்வரிசி மில் வைத்திருப்பவர். காருக்குள் இருபது தண்ணீர் கேன், வாய் நிறைய அனுதாபம். சித்ரா மேல் புகார் எழுதிக் கொடுத்தவரும் அவரே. பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிற ரகம்!

"பவுடர் போட்டியாம்மா, இல்லியா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"போட்டனுங்க சார். ரெண்டு பங்கு."

"எங்க, காட்டு."

பஞ்சாயத்தில் கொடுத்த சோதனைக் குப்பியில் தொட்டித் தண்ணீரைப் பிடித்து, மருந்தைச் சொட்டுவிட்டாள். பவுடர் இருந்தால் மஞ்சளாக வேண்டும்.

ஆகவில்லை. தண்ணீர் நிறம் மாறாமல் அப்படியே நின்றது!

"போதுமுங்களா சார்?" என்றார் ஜெகதீஸ்வரன். "சம்பளத்த வாங்கிக்கிட்டு உசுரோட வெளையாடறா."

பெண் போலீஸ் ஒருத்தி சித்ராவை நெருங்கினாள். சித்ராவுக்கு ஜெயில்கூடப் பெரிதாகப் படவில்லை. அவள் போனபிறகு வேறு யாரோ வருவார்கள். இதே வால்வைத் திறப்பார்கள். இதே தண்ணீர் வரும். சித்ரா இன்ஸ்பெக்டர் முன் போய் நின்றாள்.

"ஒரு பத்து நிமிசம் குடுங்க சார்."

இரண்டு டம்ளர் எடுத்தாள். ஒன்றில் தொட்டித் தண்ணீர். மற்றதில் ஜெகதீஸ்வரன் கொண்டுவந்த கேன் தண்ணீர். இன்ஸ்பெக்டர் கண் முன்னாலேயே இரண்டிலும் ஒரே அளவு பவுடரைக் கிள்ளிப் போட்டாள்.

பத்து நிமிடம். ஜெகதீஸ்வரன் மூன்று முறை வாட்சைப் பார்த்தார்.

மறுபடி மருந்து. கேன் தண்ணீர் மஞ்சள் கரைத்த மாதிரி ஆனது. தொட்டித் தண்ணீர்... அப்படியே!

"போட்ட பவுடரை இந்தத் தண்ணி தின்னுபோடுதுங்க சார். அத்தன அழுக்கு உள்ள இருக்குது. மில்லுக் கழிவு கலந்திருக்குதுங்க."

ஜெகதீஸ்வரன் சிரித்தார். மில்லைச் சுற்றிப் பாருங்கள், வெளியே ஒரு வாய்க்கால் உண்டா, ஒரு குழாய் உண்டா என்று சவால் விட்டார். அவர் சொன்னது நிஜம். மில்லைவிட்டு ஒரு சொட்டும் வெளியே போகவில்லை.

போன் மறுபடி அடித்தது. அதே நம்பர். சித்ரா ஸ்பீக்கரில் போட்டாள்.

இந்த முறை குரல் தன் பெயரைச் சொன்னது. அறிவு. போர் தோண்டும் திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் டிரில்லர். சாவுச் செய்தியைப் பேப்பரில் பார்த்ததிலிருந்து தூக்கமில்லையாம். மூன்று மாதத்துக்கு முன் அந்த மில்லுக்குள் போர் போட்டது அவன்தானாம்.

"அது பெயிலான போருங்க சார்," என்று ஜெகதீஸ்வரன் குறுக்கே பாய்ந்தார். "சொட்டுத் தண்ணியில்ல. மூடியாச்சு."

"பெயிலான போருதானுங்க," என்றது போன். "தொள்ளாயிரம் அடி போயும் புழுதிதான் வந்துது. நாங்க தலையத் தொங்கப் போட்டுட்டு நின்னோம். இவரு மேல இருந்து தண்ணி ஊத்துனா உள்ள எறங்குதான்னு கேட்டாருங்க. ஊத்த ஊத்த எறங்குதுன்னேன். உடனே கிடா வெட்டி எங்களுக்கு விருந்து வெச்சாருங்க."

இன்ஸ்பெக்டர் ஜெகதீஸ்வரனைத் திரும்பிப் பார்த்தார்.

போரில் தண்ணீர் பீய்ச்சினால் ரிக்காரர்களுக்குக் கிடா வெட்டுவார்கள். காய்ந்த போருக்கு யார் வெட்டுவார்? இன்ஸ்பெக்டர் ராசிபுரத்துக்காரர். அவர் அப்பா போட்ட நாலு போரும் காய்ந்தபோது வீட்டில் நாலு முறை அடுப்பு எரியவில்லை. அவருக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

"வாங்க, மூடிய அந்தப் போரத் தொறந்து பாக்கலாம்," என்றார் மெதுவாக.

அரைமணி நேரத்தில் எல்லாம் வெளியே வந்தது. மில் கொட்டகைக்குள் ஒரு சிமெண்ட் பலகை. அதை நகர்த்தினால் போரின் வாய். கழிவுக் குழியிலிருந்து கையகலக் குழாய் ஒன்று நேராக அதற்குள் இறங்கியிருந்தது. மேலே ஒரு சொட்டும் சிந்தாமல், பூமி வழியாகவே காலனிப் போருக்கும் தொட்டிக்கும் விருந்து!

சித்ரா அழுதுவிட்டாள். ஆத்திரமும் நிம்மதியும் சேர்ந்த அழுகை. பெரியநாயகி குடத்தைக் கீழே வைத்துவிட்டு அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். வட்டார ஆபீசிலிருந்து லாரித் தண்ணீர் கிளம்பிவிட்டது என்று இன்ஸ்பெக்டர் சொன்னார். அதுவரை கேன்கள் தாங்கும்.

ஜெகதீஸ்வரனை ஜீப்பில் ஏற்றப் போனார்கள்.

"கையெடுங்க. நான் ஒரு போன் போட்டா என்ன ஆகும் தெரியுமா?"

அவர் போடவில்லை. அவருக்கு வந்தது. ஊருக்குள் இருக்கும் வீட்டிலிருந்து மனைவி கிருத்திகா. இன்ஸ்பெக்டர் ஸ்பீக்கரைத் தட்டினார்.

"ஏனுங்க, நம்மூட்டுப் போர்த் தண்ணி ஒரே புளிச்ச நாத்தம். காப்பி வெச்சாப் பாலு திரிஞ்சு போவுது. குடிக்க வாய்ல வெக்க முடியலீங்க..."

பூமிக்கு அடியில் ஊர் என்றும் காலனி என்றும் யாரும் வேலி போடவில்லையே!

ஜெகதீஸ்வரனின் முகம் வெளுத்தது. உதட்டை நக்கிக்கொண்டார். சித்ராவின் பக்கம் திரும்பினார்.

"அந்தக் கேன்ல... ரெண்டு மட்டும் ஊட்டுக்கு அனுப்பிச்சு உடு புள்ள."

சித்ரா கண்ணைத் துடைத்துக்கொண்டு வரிசையைக் காட்டினாள்.

"தாராளமா வாங்கிக்கலாமுங்க. அம்மணிய ஒரு குடத்தோட வந்து கடைசியில நிக்கச் சொல்லுங்க. இடையில மட்டும் பூந்துற வேண்டாம்னு சொல்லிப்போடுங்க... எங்க பொம்பளைங்ககிட்ட இருந்து காப்பாத்த அந்த ஒரு ஜீப்புப் போலீஸ் பத்தாது!"