பத்து நாள் மௌனம்

பொக்னா எங்கள் மருத்துவமனைக்கு வந்து இறங்கியது நவம்பர் மாதத்து ஒரு புதன்கிழமை. க்ராகோவிலிருந்து வரும் பஸ் வழக்கம்போல் தாமதம். ஒரு கையில் பெட்டி, இன்னொரு கையில் கசகசா கேக் வைத்த டப்பா. வாசற்படியில் நின்று பூட்ஸில் ஒட்டிய சேற்றைத் தட்டிக்கொண்டே, "நீங்கதான் பூட்டு மேடமா? பஸ்லயே சொன்னாங்க" என்றாள். குரல் கிழிந்து போயிருந்தது. சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரிப்பில் சத்தமே வரவில்லை.

பூட்டு நான்தான். பெயர் லுட்மிலா. தொண்டை, குரல் நோய்களுக்கென்றே இருந்த அந்தப் பழைய மாளிகையில் பத்தொன்பது வருடம் குரல் பயிற்சியாளராக இருந்தேன். ஆபரேஷன் முடிந்தவர்கள் வாயைத் திறக்காமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. கிசுகிசுத்தால்கூடப் பிடித்துவிடுவேன். ரகசியக் குரல்தான் தொண்டையை அதிகம் கெடுக்கும் என்பது வெளியே பலருக்குத் தெரியாது. அதனால் எனக்கு அந்தப் பட்டப்பெயர், அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அந்த மாளிகைக்குள் நுழைந்தால் முதலில் உப்புநீர் ஆவியும் யூகலிப்டஸும் கலந்த வாடை மூக்கில் ஏறும். அப்புறம்தான் அமைதி உறைக்கும். சாப்பாட்டுக் கூடத்தில் நாற்பது பேர் உட்கார்ந்திருப்பார்கள். கரண்டிச் சத்தமும், கழுத்தில் தொங்கும் சிலேட்டில் சாக்பீஸ் கீறும் சத்தமும் மட்டும்தான் இருக்கும். புதிதாக வந்தவர்கள் முதல் நாள் இதைப் பார்த்துச் சிரிப்பார்கள். மூன்றாம் நாள் அழுவார்கள்.

பொக்னா ஆரம்பப் பள்ளி டீச்சர். பதினான்கு வருடம் ஆறு வயதுப் பிள்ளைகளிடம் கத்தியதில் குரல்நாண் இரண்டிலும் கடுகளவு முடிச்சு விழுந்திருந்தது. ஒரு வருட மருத்துவ விடுப்பில் பத்து மாதம் கரைந்துவிட்டது. ஜனவரியில் குரலோடு திரும்பினால் வகுப்பு, இல்லையென்றால் வீடு. "எனக்கு வேற ஒண்ணும் தெரியாது மேடம்" என்றாள் என்னிடம். "சமையல்கூட சுமார்தான், என் வீட்டுக்காரரைக் கேளுங்க."

அப்போது அங்கே நாங்கள் நடத்திக்கொண்டிருந்த ஆய்வு எளிமையானது. ஆபரேஷனுக்குப் பிறகு மூன்று நாள் மௌனம் நல்லதா, பத்து நாள் மௌனம் நல்லதா? சீட்டுக் குலுக்கியதில் பொக்னாவுக்குப் பத்து நாள் விழுந்தது. கழுத்தில் ஒரு பட்டை கட்டுவோம். அதிலுள்ள பொத்தான் தொண்டையின் அதிர்வை எண்ணும். எத்தனை நிமிடம் பேசினார்கள் என்று மட்டும் காட்டும், என்ன பேசினார்கள் என்று காட்டாது. ஆபரேஷனுக்கு முன் ஒரு முறை, மௌனம் முடிந்ததும் ஒரு முறை, எல்லோரும் ஒரே பத்தியை வாசித்துப் பதிவு செய்வார்கள். இரண்டு பதிவும் இருந்தால்தான் அவர் கணக்கில் சேருவார்.

'இரவெல்லாம் பெய்த மழை காலையில் நின்றது. தபால்காரர் பாலத்தின் மேல் வந்து நின்று ஆற்றைப் பார்த்தார்.' இப்படிப் பன்னிரண்டு வரி. எனக்கு அது தூக்கத்திலும் வரும்.

அவளுக்கு ஆறாம் அறையைக் கொடுத்தார் எங்கள் தலைமை டாக்டர் டாமியன். வேறு அறை பார்க்கலாமே என்றேன்.

"ஏன், அந்த அறைக்கு என்ன? புதுசா பெயின்ட் அடிச்சிருக்கு, ஜன்னலைத் திறந்தா பைன் மரம்" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "லுட்மிலா, ரெண்டு வருஷம் ஆச்சு. போதும்."

ஆபரேஷன் நன்றாக நடந்தது. இரண்டாம் நாள் மாலை பட்டையைக் கழற்றிக் கணினியில் போட்டேன். நான்கு நிமிடம் என்று காட்டியது. இருமினால், விழுங்கினால் சில நொடிகள் விழுவது வழக்கம்தான். நான்கு நிமிடம் அதிகம். மூன்றாம் நாள் பதினொன்று. நான்காம் நாள் இருபத்தாறு. எல்லாமே மதியம் ஒன்றிலிருந்து மூன்றுக்குள். சாப்பிட்டுவிட்டு எல்லோரும் அறைக்குள் படுத்திருக்கும் ஓய்வு நேரம் அது.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. நேராக அறைக்குப் போனேன்.

"டீச்சர், யாருகிட்ட பேசுறீங்க? இருபத்தாறு நிமிஷம்! இதுக்கா ஆபரேஷன் பண்ணிக்கிட்டீங்க?"

அவள் முகம் வெளுத்துவிட்டது. சிலேட்டை எடுத்து அழுத்தி எழுதினாள். 'சத்தியமா ஒரு வார்த்தை பேசல.'

பட்டை பழுதாக இருக்கும் என்றார் டாக்டர். புதுப் பட்டை கட்டினோம். ஐந்தாம் நாள் அது நாற்பத்தொன்று காட்டியது.

ஆறாம் நாள் அவள் கணவன் ஜெனோன் எனக்கு போன் செய்தான். பஸ் டிரைவர், கலகலப்பான ஆள். தினமும் மதியம் அவளைக் கூப்பிடுவான். அவன் பேசுவான், அவள் போனில் விரலால் தட்டுவாள். ஒரு தட்டு ஆமாம், இரண்டு தட்டு இல்லை.

"மேடம், கல்யாணமாகி பன்னெண்டு வருஷத்துல இப்பதான் நான் ஒரு பேச்சை முழுசா பேசி முடிக்கிறேன். இன்னும் பத்து நாள் சேர்த்து வெச்சுக்கங்களேன்" என்று சிரித்தான். பிறகு, "ஆமா, அவ ரூம்ல இன்னொரு அம்மா இருக்காங்களா?" என்று கேட்டான்.

"இல்லையே. அது ஒத்தைக் கட்டில் ரூம். ஏன்?"

"நேத்து நான் பேசிட்டிருக்கும்போதே யாரோ வாசிக்க ஆரம்பிச்சாங்க. மழை, தபால்காரர்னு என்னமோ. கண்ணாடி மாதிரி குரல் மேடம்! ஆனா ஒரு இடத்துல மட்டும் தப்பா நிறுத்துறாங்க. 'பாலத்தின்'னு சொல்லி மூச்சு வாங்கிட்டு, அப்புறமா 'மேல்'ங்கிறாங்க."

நான் போனை வைத்துவிட்டேன்.

அப்படி மூச்சு வாங்கியவர் ஒரே ஒருவர்தான்.

செலினா. இரண்டு வருடத்துக்கு முன் இதே ஆய்வில், இதே ஆறாம் அறையில் இருந்தவள். தேவாலயப் பாடகர் குழுவில் பாடியவள். அவளுடைய முதல் பதிவுக்கு மதிப்பெண் போடுவதற்காக நாற்பது முறையாவது கேட்டிருப்பேன். 'பாலத்தின்' என்றதும் கொக்கி போட்டதுபோல் ஒரு மூச்சு. அவளிடம் நான் ரொம்பக் கண்டிப்பாக இருந்தேன். "என்ன ஆனாலும் சத்தம் போடாதீங்க. ஒரு கத்தல் போதும், மொத்தமும் போயிடும்" என்று தினமும் சொன்னேன்.

ஏழாம் நாள் ஓய்வு நேரத்தில் அவள் தொண்டை உள்ளே கொஞ்சம் கொஞ்சமாக வீங்கி அடைத்துக்கொண்டது. அழைப்பு மணி கட்டிலின் மறுபக்கம் விழுந்திருந்தது. ஒரு கத்தல், ஒரே ஒரு கத்தல் கத்தியிருந்தால் நடைவழியில் இருந்த எனக்குக் கேட்டிருக்கும். அவள் கத்தவில்லை. நான் அந்தக் கதவைத் தாண்டிப் போனேன். உள்ளே சத்தமில்லை என்று பார்த்து, 'முழு மௌனம்' என்று என் தாளில் டிக் போட்டேன்.

அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. மூன்று மணிக்குக் கதவைத் திறந்தபோது அவள் சிலேட்டில் பாதி எழுத்து இருந்தது. அதற்கு மேல் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவளுடைய இரண்டாவது பதிவு நடக்கவே இல்லை.

ஏழாம் நாள் ஒரு மணிக்கு நான் பொக்னாவின் அறைக்குப் போய் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அவள் கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது. என்னைக் கண்டதும் சிலேட்டை எடுத்தாள்.

'மேடம், மனசுக்குள்ள பேசிப் பாக்குறேன். என் குரல் எப்படி இருக்கும்னு ஞாபகம் வரல.'

அழித்துவிட்டு மறுபடி எழுதினாள்.

'வேற குரல்தான் வருது.'

வெளியே பைன் மரங்களுக்கு மேல் மேகம் இறங்கியிருந்தது. ஜன்னல் மூடியிருந்தும் அறை குளிர்ந்தது. உப்பு வாடை மட்டும் திடீரென்று தூக்கலாக வந்தது.

இரண்டு மணியாயிற்று.

பட்டையில் பச்சை விளக்கு எரிந்தது.

அவள் வாய் இறுக்கமாக மூடியிருந்தது. நான் என் இரண்டு விரலை அவள் தொண்டையில் வைத்தேன்.

அதிர்ந்தது.

பூனையின் வயிற்றில் கை வைத்தால் தெரியுமே, அப்படி ஒரு நிதானமான அதிர்வு. பொக்னா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணீர் வழிந்தது.

கழுத்தில் ஒட்டும் மைக்கைக் கொண்டுவந்திருந்தேன். ஒட்டினேன். ஹெட்போனை மாட்டினேன்.

'...தபால்காரர் பாலத்தின்...'

மூச்சு.

'...மேல் வந்து நின்று ஆற்றைப் பார்த்தார்.'

எவ்வளவு அழகான குரல்! ஆபரேஷனுக்குப் பிறகு செலினாவுக்கு இப்படித்தான் வரும் என்று நாங்கள் நம்பிய அதே குரல். பன்னிரண்டு வரியும் முடிந்தது. பிறகு, வாசிப்பில் இல்லாத ஒன்றை அந்தக் குரல் மரியாதையாகக் கேட்டது.

"பதிவாயிடுச்சா மேடம்?"

பதிவுக் கருவியை ஓடவிட்டுத்தான் இருந்தேன். நிறுத்தி, பின்னால் ஓட்டிப் போட்டுக் கேட்டேன். நான் மூச்சு வாங்கும் சத்தம் மட்டும் இருந்தது. வேறு எதுவும் இல்லை.

"பதிவாயிடுச்சு செலினா" என்றேன். பொய்தான். "நல்லா இருக்கு. நீங்க போகலாம்."

"இல்ல மேடம். இன்னொரு தடவை வாசிக்கிறேன்."

இந்த முறை ஹெட்போன் தேவைப்படவில்லை.

பொக்னாவின் உதடுகள் தாமாகப் பிரிந்தன. 'இரவெல்லாம்' என்ற சொல் அறையில் சத்தமாகவே கேட்டது. பொக்னா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். கைகளுக்குப் பின்னாலிருந்து மழை பெய்து நின்றது, தபால்காரர் வந்தார்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நாங்கள் ஒரு தொண்டையைக் காலி செய்து, பத்து நாள் யாரும் வரக்கூடாது என்று பூட்டி வைத்திருக்கிறோம். பூட்டியவளும் நான்தான். இன்னும் மூன்று நாள் போனால் சொந்தக்காரி திரும்பி வர அங்கே இடம் இருக்காது.

"டீச்சர், பேசுங்க" என்றேன்.

அவள் மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். சிலேட்டைத் தேடி எடுத்து எழுதினாள். 'பேசினா மொத்தமும் போயிடும்னு நீங்கதான சொன்னீங்க?'

"ஆமா, சொன்னேன். தையல் பிஞ்சிடும். குரல் பழையபடி வராது. வகுப்புக்குப் போக முடியாது. எல்லாம் உண்மை. ஆனா மிச்சம் இருக்கிற குரல் உங்க குரலா இருக்கும். இல்லைன்னா நல்ல குரல் வரும், அது உங்களோடது இல்ல. நான் பாவி, ஒருத்தியை வாயை மூடியே சாகவிட்டேன். கத்துங்க!"

அவள் என்னைப் பார்த்த பார்வையை மறக்கவே முடியாது. பதினான்கு வருட வேலையை, ஜனவரியை, தனக்குத் தெரிந்த ஒரே தொழிலை அவள் அந்தக் கொஞ்ச நேரத்தில் நிறுத்துப் பார்த்தாள்.

வாசிப்பு மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. 'பாலத்தின்' என்றது அவள் வாய்.

மூச்சு வாங்கியது.

அந்த இடைவெளியில் பொக்னா புகுந்தாள்.

"எல்லாரும் உக்காருங்க!"

வகுப்பறைக் கத்தல். கரகரத்து, கிழிந்து, நடுவில் உடைந்து, பாதியில் காற்றாகப் போன கத்தல். நடைவழியெங்கும் கதவுகள் திறந்தன. அவள் நிறுத்தவில்லை. "ஜெனோன்!" என்றாள், தன் பெயரைச் சொன்னாள், தன் வகுப்புப் பிள்ளைகளின் வருகைப் பட்டியலைச் சொன்னாள். கைக்குட்டையில் ரத்தம் துளித்தது. நான் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதேன்.

பட்டையில் விளக்கு அணைந்தது. உப்பு வாடை குறைந்தது.

டாக்டர் டாமியன் ஓடி வந்தார். யார் பேசச் சொன்னது என்று கேட்டார். நான்தான் என்றேன். ஏன் என்று கேட்டார். சொன்னேன். அவர் முழுவதும் கேட்டுவிட்டு, "வீட்டுக்குப் போங்க லுட்மிலா. நாளைக்கு வர வேண்டாம்" என்றார். அவர் மேல் எனக்கு வருத்தமில்லை, அவர் இடத்தில் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

பொக்னாவுக்கு வகுப்பு திரும்பக் கிடைக்கவில்லை. அதே பள்ளியில் நூலகத்தில் உட்கார வைத்திருக்கிறார்கள். அடுத்த வருடக் கிறிஸ்துமஸுக்கு போன் செய்தாள். சரளைக்கல் மேல் வண்டி போவதுபோல் ஒரு குரல். "பசங்க என்னைக் காக்கா டீச்சர்ங்கிறாங்க மேடம்" என்று சிரித்தாள். பின்னாலிருந்து ஜெனோன், "அவ பேசுறது கேக்கணும்னா இப்ப நான் வாயை மூட வேண்டியிருக்கு" என்று கத்தினான். போனை வைத்த பிறகும் வெகுநேரம் எனக்கு நிம்மதியாக இருந்தது. ஒருத்தியையாவது காப்பாற்றினேன் என்று அன்று முதல்முறையாக நினைத்தேன்.

போன வாரம் கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்கப் பல் டாக்டரிடம் போனேன். காலை பதினோரு மணி, நல்ல வெயில். ரேடியோவில் வானிலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஊசி போட்டார். தாடை, நாக்கு, தொண்டை வரை மரத்துவிட்டது. வாய் நிறையப் பஞ்சும் எச்சில் உறிஞ்சும் குழாயும் வைத்து, அகலத் திறந்து வைத்திருந்தேன். டாக்டர் சின்னப் பையன், பொறுமைசாலி. குறடை எடுத்துக் குனிந்தவன் சட்டென்று நிமிர்ந்தான். முகமூடிக்கு மேலே அவன் கண்கள் சிரித்தன.

"மேடம், ரொம்ப அழகா வாசிக்கிறீங்க. ஆனா ஒரு நிமிஷம் பேசாம இருங்க, நான் பல்லை எடுத்துடறேன்."