அரிட்டின் அண்ணன்

மின்கட்டணத்தைத் தலைக்கு இவ்வளவு என்று பிரிப்பதற்காகக் கதவு கதவாக வந்த வீட்டுக்காரர் அலாபி பாபா, அரிட்டின் வாசலில் நின்று, "உன் வீட்டுல மூணு தலை," என்றார்.

அரிட் வெளியே வந்தாள். "என்ன பாபா இது! நானும் என் பொண்ணு இமாவும்தானே?"

பாபாவுக்குத் தெரியாமல் உள்ளறையை ரோன்கே என்ற பெண்ணுக்கு வாடகைக்கு விட்டிருந்தாள். எழுத்து மூலம் சம்மதம் வாங்காமல் உள்வாடகைக்கு விட்டால் உடனே காலி, முன்பணமும் கிடைக்காது என்பது ஒப்பந்தம். போன மழைக்காலத்தில் எதிர் அறைக்காரன் அப்படித்தான் மாட்டினான். பாபா கோர்ட்டுக்கெல்லாம் போகவில்லை. ஆளை ஏற்றிக் கூரைத் தகரத்தைக் கழற்றிவிட்டார். கட்டிலோடு நனைந்துகொண்டு நின்றவனைத் தெருவே வேடிக்கை பார்த்தது.

ஆனால் ரோன்கேதான் போன வாரமே, கொடுத்த பணத்தைக்கூடத் திருப்பிக் கேட்காமல், பையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டாளே? அறை காலியாகத்தானே கிடக்கிறது?

"என் கண்ணு என்ன அவிஞ்சா போச்சு? சாயங்காலமானா பின்ஜன்னல்ல நிக்கிறானே நெட்டையா ஒருத்தன், தலை கூரையில இடிக்கிற மாதிரி! வாடகைக்கு வச்சிருக்கியா?"

அப்படி யாரும் இல்லை என்று கத்தியிருக்க வேண்டும். லாகோஸில் திருட்டுத்தனமாக ஆள் வைத்தவர்கள் எல்லாரும் சொல்வதுதான் அவள் வாயிலும் வந்தது. "ஐயோ, வாடகையா! என் கூடப்பிறந்த அண்ணன் பாபா. ஊர்லேர்ந்து வந்திருக்கார்."

பாபாவின் முகம் தெளிந்தது. "இதை முதல்லயே சொல்றதுக்கென்ன? சொந்த ரத்தம்னா நான் யாரு தடுக்க? எத்தனை நாள் வேணா இருக்கட்டும். சாயங்காலம் வந்து ஒரு வணக்கம் சொல்லிட்டுப் போறேன்."

அவர் அடுத்த கதவுக்குப் போய்விட்டார். அரிட்டுக்கு அண்ணனே கிடையாது.

சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. மின்சாரம் போனது. நடைவழியில் யாரோ வாழைக்காய் வறுக்கும் எண்ணெய் வாசனைக்கு நடுவே, அப்போதுதான் தோண்டிய ஈரமண் வாசனை ஒன்று உள்ளறைத் திரைக்குப் பின்னாலிருந்து மெல்லக் கசிந்து வந்தது. தகரத்தில் மழை அறைந்துகொண்டே இருக்க, அந்தச் சத்தத்துக்குக் கீழே, கூரைக்கு உட்புறமாக, ஏதோ ஒன்று உரசி உரசி ஒரு சுவரிலிருந்து மறுசுவருக்குப் போய்த் திரும்புவது அவளுக்குக் கேட்டது. எலிதான் என்று சொல்லிக்கொண்டாள். எலி இத்தனை நிதானமாக நடக்காது.

பாயைத் தடவினாள். இமா இல்லை.

"மாமா, இன்னும் மேல!" உள்ளறையில் குழந்தை சிரித்தது.

அலற வாயைத் திறந்தவள் கையால் பொத்திக்கொண்டாள். அலறினால் நடைவழியே கூடும். பாபா வருவார். வந்தால் என்ன சொல்வாள்? பொய் உடையும். தகரம் போகும். இந்த மழையில் குழந்தையோடு எங்கே போவாள்?

கதவு தட்டப்பட்டது.

"நான்தாம்மா. உன் அண்ணனக் கூப்பிடு."

திறந்தாள். பின்னால் திரை விலகியது. மண் வாசனை முதுகில் மோதியது. பாபா டார்ச்சை அவளுக்கு மேலே தூக்கினார். இன்னும் மேலே.

"வணக்கம் தம்பி! அடேயப்பா, என்ன உயரம்!" என்று சிரித்தவர், அவளைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "நெசமா உன் அண்ணன்தானே? இல்லேன்னா இப்பவே சொல்லிடு."

சொல்லலாம். ஒரு வார்த்தை போதும். திரும்பிப் பார்க்கத்தான் அவளால் முடியவில்லை. அவள் உச்சந்தலையில் எதுவோ இடித்தது. இமாவின் பிஞ்சுக் கால். மேலிருந்து தொங்கிக்கொண்டிருந்தது. சில்லிட்டிருந்தது. அசையவில்லை.

மழை வலுத்தது.

"ஆமா பாபா," என்றாள். "அண்ணன்தான்."

பாபா தலையாட்டிவிட்டு நடந்தார். அவள் தோளுக்கு மேலாக ஒரு கை நீண்டு வந்தது. முழங்கை மடங்காமல் நிலைவரைக்கும் போய், கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டது.