நானூற்றுப் பதினேழு இறகுகள்

"போயும் போயும் ஒரு பெட்டை வாத்தையா போட்டிக்கு வைக்கப் போற?"

கிளைட் தன் தங்கை கோராவிடம் இப்படிக் கேட்டது செப்டம்பர் மாதத்தில். கோராவுக்குப் பதினொரு வயது, கிளைடுக்குப் பதினான்கு. அப்பா இருவருக்கும் ஆளுக்கொரு தேவதாரு மரத்துண்டு கொடுத்திருந்தார். அதில் வாத்து செதுக்க வேண்டும், வண்ணம் தீட்ட வேண்டும். அக்டோபர் கடைசிச் சனிக்கிழமை மரவாத்துப் போட்டி.

அமெரிக்காவின் செசபீக் விரிகுடாக் கரையில் மரவாத்து இல்லாத வீடே கிடையாது. குளிர்காலத்தில் வேட்டைக்குப் போகிறவர்கள் அவற்றைத் தண்ணீரில் மிதக்க விடுவார்கள். வானத்தில் போகும் வாத்துகள், 'அட, நம்ம ஆளுங்க!' என்று நம்பிக் கீழே இறங்கும்.

"ஆண் வாத்துன்னா தலை பச்சை, கழுத்துல வெள்ளை வளையம். பாத்த உடனே பளிச்சுனு இருக்கும்," என்றான் கிளைட். "பெட்டைக்கு என்ன இருக்கு? பழுப்பு. அப்புறம்? பழுப்பு!"

"எட்டு," என்றாள் கோரா.

"என்னது எட்டு?"

"எட்டு விதமான பழுப்பு இருக்கு. எண்ணிட்டேன்."

கிளைட் விழுந்து விழுந்து சிரித்தான். கோரா எப்போதுமே அதிகம் பேச மாட்டாள்.

ஆனால் அவளிடம் ஒரு முட்டை அட்டை இருந்தது. பன்னிரண்டு குழிகள் உள்ள அட்டை. போன குளிர்காலத்தில் அப்பா கொண்டுவந்த ஒரு பெட்டை வாத்தின் இறகுகளை அம்மா குப்பையில் போடப் போனபோது, கோரா ஓடிப்போய் வாங்கி வைத்துக்கொண்டாள். மார்பு இறகுகள் ஒரு குழியில், முதுகு இறகுகள் ஒரு குழியில், விலா இறகுகள் இன்னொன்றில். தினமும் எடுத்து எடுத்துப் பார்ப்பாள். காய்ந்த புல்லின் பழுப்பு. தேநீரின் பழுப்பு. ஈரச் சேற்றின் பழுப்பு. ஒவ்வோர் இறகுக்கும் நடுவில் கருமை, ஓரத்தில் வெளிர்க் கோடு. ஒன்றைப் போல இன்னொன்று இல்லவே இல்லை.

அவள் வால் பக்கத்திலிருந்து தீட்டத் தொடங்கினாள். ஓட்டுக் கூரை வேய்கிறவர்கள் கீழ் வரிசையை முதலில் வைப்பார்கள் அல்லவா? இறகும் அப்படித்தான். வால் முதலில், தலை கடைசியில். அப்போதுதான் முன்னால் இருக்கும் இறகு பின்னால் இருப்பதன் மேல் படிந்து நிற்கும்.

முதலில் வெளிர் வண்ணத்தைப் பூசுவாள். அது ஈரமாக இருக்கும்போதே, மெல்லிய தூரிகையில் அடர்பழுப்பைத் தொட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுப்பாள். இரண்டு வண்ணமும் விளிம்பில் கொஞ்சம் கலந்துவிடும். கலந்த இடம் இறகின் மென்மை போலவே இருக்கும். எண்ணெய் வண்ணம் மெதுவாகக் காயும் என்பதால்தான் இப்படிச் செய்ய முடிகிறது.

ஒருநாள் அம்மா சமையலறையிலிருந்து கேட்டாள். "கோரா! எத்தனை ஆச்சு?"

"பதினொண்ணும்மா!"

"பரவாயில்லையே! கோழி இன்னைக்கு நல்லாப் போட்டிருக்கு. கொண்டா, ஆம்லெட் போடலாம்."

"முட்டை இல்லம்மா. இறகு."

"அப்போ முட்டை?"

"அச்சச்சோ!" என்று கோரா கோழிக்கூண்டுக்கு ஓடினாள்.

அக்டோபர் இரண்டாம் வாரத்தில் வேலை முடிந்தது. மொத்தம் நானூற்றுப் பதினேழு இறகுகள். இறக்கையின் ஓரத்தில் மட்டும் ஒரு சின்ன நீலப் பட்டை.

கிளைடின் ஆண் வாத்து அதற்கு முன்பே தயார். அதற்கு அவன் மூன்று முறை வார்னிஷ் அடித்திருந்தான். அது கண்ணாடித் தட்டு மாதிரி மின்னியது.

"உன்னோடதுல மினுமினுப்பே இல்லையே," என்றான்.

"இறகு மின்னாது. அதான் வண்ணத்துல டர்பன்டைன் எண்ணெய் நிறைய ஊத்தினேன்."

இரண்டு வாரம் காய வைத்தாள். போட்டிக்கு முந்தைய புதன்கிழமை மாலை, வாத்து நேராக மிதக்கிறதா என்று பார்க்கப் படகுத்துறைக்குப் போனாள். போட்டியில் வாத்துகளைத் தொட்டித் தண்ணீரில் விட்டுத்தான் பார்ப்பார்கள். சாய்ந்தால் போச்சு. கோரா வாத்தை மெல்ல மிதக்க விட்டாள்.

பக்கத்துத் துறையில் கேப்டன் ஹார்லன் பேசிக்கொண்டிருந்தார். பேசாத கேப்டனை யாரும் பார்த்ததில்லை. நண்டுக் கூண்டை இழுக்கும்போது பேசுவார். சாப்பிடும்போது பேசுவார். பேச ஆளே இல்லையென்றால் படகோடு பேசுவார். இன்று அவருடைய மச்சான் லாயிட் ஊரிலிருந்து வந்து மாட்டிக்கொண்டிருந்தார்.

"இந்த பிஸ்கட் இருக்காளே, ஒன்பது வருஷமா எங்கூட வேட்டைக்கு வர்றா," என்று கேப்டன் தன் நாயின் தலையைத் தட்டினார். சுருள் முடி வைத்த பெரிய பழுப்பு நாய் அது. "ஒரு தடவை, ஒரே ஒரு தடவை மரவாத்தத் தொட்டிருப்பாளா? ம்ஹூம். சில நாய்ங்க மரத்தக் கவ்விட்டு வந்து மானத்த வாங்கும். நம்ம பிஸ்கட் மரத்தத் திரும்பிக்கூடப் பாக்க மாட்டா. இந்த விரிகுடா பூரா கேட்டுப் பாரு…"

தொபீர்!

பிஸ்கட் தண்ணீரில் குதித்துவிட்டாள். நேராக நீந்திப் போய், கோராவின் வாத்தை வாயில் கவ்விக்கொண்டு திரும்பி வந்தாள். கேப்டனின் காலடியில் மெதுவாக வைத்துவிட்டு வாலை ஆட்டினாள்.

லாயிட் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "திரும்பிக்கூடப் பாக்க மாட்டாளா? நல்லாருக்கு மச்சான், நல்லாருக்கு!"

கேப்டனின் முகம் வெந்த நண்டின் நிறத்துக்குப் போனது. பிறகு மெல்ல வாடியது. குனிந்து பிஸ்கட்டின் கண்களைப் பார்த்தார்.

"வயசாயிடுச்சு. கண்ணு போச்சு இவளுக்கு," என்றார். "மரத்துக்கும் வாத்துக்கும் வித்தியாசம் தெரியல. கண்ணு தெரியாத நாயை நவம்பர் தண்ணியில எறக்கவா முடியும்? செத்துப்போயிடும். லாயிட், சனிக்கிழமை உன் பண்ணைக்குக் கூட்டிட்டுப் போயிடு. கோழிகளுக்குக் காவலா கிடக்கட்டும்."

பிஸ்கட் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆட்டிக்கொண்டிருந்த வால் நின்றுவிட்டது.

கோரா தன் வாத்தை எடுத்துப் பார்த்தாள். மார்பில் ஒன்பது இறகுகள் உரிந்திருந்தன. அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"போச்சா?" என்றான், சத்தம் கேட்டு ஓடி வந்த கிளைட். இந்த முறை அவன் சிரிக்கவில்லை. "எண்ணெய் வண்ணம் ரெண்டு நாள்ல காயவே காயாதே!"

கோரா உரிந்த இடத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள். "வெள்ளை காயாது. மஞ்சள் காயாது. ஆனா அம்பர்னு ஒரு மண் பழுப்பு இருக்கே, அது சீக்கிரம் காயும். மெல்லிசாப் போட்டா வெள்ளிக்கிழமைக்குள்ள காஞ்சிடும்."

"உன் அதிர்ஷ்டம், பெட்டை வாத்து பூரா பழுப்பு," என்றான் கிளைட். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று யோசித்துத் தலையைச் சொறிந்தான்.

அன்றிரவே ஒன்பது இறகுகளும் திரும்ப முளைத்தன. ஆனால் கோராவுக்கு நிம்மதி வரவில்லை. பிஸ்கட்டின் கண்ணில் ஒரு கோளாறும் இல்லை. நேற்றுக்கூட எண்பது அடி தூரத்தில் அம்மா தூக்கி எறிந்த ரொட்டித் துண்டை ஓடிப்போய்ப் பிடித்தாளே!

வியாழக்கிழமை கேப்டனைத் தேடிப் போனாள்.

"கேப்டன், பிஸ்கட்டுக்கு…"

"வாம்மா பொண்ணு! உங்கப்பா வலை தச்சு முடிச்சாரா? இந்த வருஷம் காத்து பாரு, வடக்கிலேர்ந்து அடிக்குது. இப்படித்தான் நான் சின்னப் பையனா இருந்தப்போ…"

முக்கால் மணி நேரம் கழித்துக் கோரா வீட்டுக்குத் திரும்பினாள். அவள் சொல்ல வந்ததில் இரண்டு வார்த்தைகளைத்தான் சொல்ல முடிந்திருந்தது.

வெள்ளிக்கிழமையும் அதே கதை. இந்த முறை ஒரு வார்த்தை.

அன்று மாலை அவள் கிளைடிடம் சொன்னாள். "பேசி ஆகாது. காட்டணும். உன் ஆண் வாத்தக் கொஞ்சம் குடு."

"எதுக்கு?"

சொன்னாள். கிளைட் வாயைப் பிளந்தான். "பைத்தியமா நீ? நாளைக்குப் பத்து மணிக்குப் போட்டி! மறுபடி கவ்வினா பல்லு பதியும். இன்னொரு தடவை தீட்ட நேரமே இல்ல!"

"தெரியும்."

"போட்டி முடிஞ்சு செஞ்சா என்ன?"

"எட்டு மணிக்கே லாயிட் மாமா வண்டி கிளம்பிடும்."

கிளைட் தன் ஆண் வாத்தை எடுத்துக் கொடுத்தான். "வார்னிஷ் பத்திரம்," என்றான்.

சனிக்கிழமை காலை ஏழரை. லாயிட்டின் வண்டியில் பிஸ்கட்டின் சாப்பாட்டுக் கிண்ணமும் பழைய கம்பளியும் ஏறியிருந்தன. துறையில் கேப்டன் பேசிக்கொண்டே வந்தார். திடீரென்று நின்றார்.

"என் வாத்துகள யாரு தண்ணியில விட்டது?"

அவருடைய பன்னிரண்டு மரவாத்துகளும் வரிசை கலைந்து மிதந்தன. நடுவில் கிளைடின் ஆண் வாத்து வெயிலில் மின்னியது. துறையின் நுனியில் கோரா தன் பெட்டை வாத்தோடு நின்றாள். அவளுடைய காதுகள் சிவந்திருந்தன.

"பிஸ்கட்டுக்குக் கண்ணு நல்லாத் தெரியுது, கேப்டன். ஒரே ஒரு தடவை அனுப்பிப் பாருங்க."

கேப்டனிடம் அவள் முழுதாகச் சொல்லி முடித்த முதல் வாக்கியம் அது. அவர் வாயைத் திறப்பதற்குள் லாயிட் முந்திக்கொண்டார்.

"எனக்குப் புரிஞ்சிடுச்சு! அந்த வாத்து மேல பன்னிக் கொழுப்பத் தடவியிருக்கும் இந்தப் பொண்ணு. அதான் நாய் போய்க் கவ்வுது."

கோரா வாத்தைக் கேப்டனிடம் நீட்டினாள். அவர் மோந்து பார்த்து முகத்தைச் சுளித்தார். "டர்பன்டைன்! காசு குடுத்தாலும் ஒரு நாயும் இத நக்காது."

"பிஸ்கட் திரும்பி நிக்கட்டும்," என்றாள் கோரா. "நான் போடறதப் பாத்தா கவ்வத்தான் செய்யும். தூக்கிப் போட்டா செருப்பக்கூடக் கொண்டுவரும்."

"அது வாஸ்தவம். என் செருப்பக் கொண்டுவந்திருக்கா," என்றார் கேப்டன்.

லாயிட் பிஸ்கட்டை நண்டுக் கூண்டுகளுக்குப் பின்னால் கொண்டுபோய்ப் பிடித்துக்கொண்டார். கோரா தன் வாத்தை ஒருமுறை பார்த்தாள். நானூற்றுப் பதினேழு. பிறகு குனிந்து அதைத் தண்ணீரில் விட்டு, ஒரு நீளக் கழியால் மற்ற வாத்துகளின் நடுவே தள்ளினாள்.

"விடு," என்றார் கேப்டன்.

பிஸ்கட் துறையின் நுனிக்கு வந்து நின்றாள். தண்ணீரைப் பார்த்தாள். காதுகள் நிமிர்ந்தன. குதித்தாள்.

கேப்டனின் முதல் வாத்தைத் தாண்டினாள். இரண்டாவதையும் தாண்டினாள். மூன்றாவதைத் தோளால் இடித்துத் தள்ளிவிட்டுப் போனாள். கிளைடின் ஆண் வாத்து வழியில் நின்றது. அதை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டுச் சுற்றிப் போனாள். அவள் எழுப்பிய அலையில் அது குப்புறக் கவிழ்ந்தது.

"ஏய்!" என்று கத்தினான் கிளைட்.

பிஸ்கட் பெட்டை வாத்தின் அருகே போனதும் வேகத்தைக் குறைத்தாள். உயிருள்ள பறவையைத் தூக்குவது போல மெதுவாகக் கவ்வினாள். கரைக்கு வந்து, கேப்டனின் காலடியில் வைத்துவிட்டு, நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

படகுகள் துறையில் இடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

கிளைட் மண்டியிட்டு வாத்தைப் பார்த்தான். "நாலு பல்லு பதிஞ்சிருக்கு கோரா. அந்த ஒன்பது இறகு மேலயே. நடுவருங்க கேட்பாங்களே?"

"கேட்கட்டும்," என்றாள் கோரா. அவள் குரலைத் துறையில் இருந்த எல்லோரும் கேட்டார்கள். "பதிமூணு வாத்த விட்டுட்டு பிஸ்கட் எடுத்த வாத்துன்னு சொல்வேன். அது யார் பல்லுன்னும் சொல்வேன்."

கிளைட் அவளை ஏற இறங்கப் பார்த்தான். "பெட்டை வாத்து," என்று முணுமுணுத்தான். பிறகு, "நானே தூக்கிட்டு வர்றேன், ஈரத்தத் துடைச்சிட்டு," என்று தன் மேல்சட்டையைக் கழற்றினான்.

ஆனால் வாத்து அதற்குள் கேப்டன் கையில் இருந்தது. அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வாலைப் பார்த்தார். முதுகைப் பார்த்தார். நீலப் பட்டையைப் பார்த்தார். கட்டைவிரலால் ஓர் இறகைத் தடவப் போய், தடவாமல் விரலை எடுத்துக்கொண்டார்.

"அப்போ நாயை ஏத்தவா, வேணாமா?" என்றார் லாயிட். "என்ன மச்சான், ஏதாவது சொல்லு!"

கேப்டன் வாயைத் திறந்தார். மூடினார்.

வாத்தை இரண்டு கைகளாலும் ஏந்திக் கோராவின் கையில் வைத்தார். தலையிலிருந்த தொப்பியைக் கழற்றினார். பெரிய மனிதர்களைப் பார்த்தால் மட்டும்தான் அவர் அதைக் கழற்றுவார். பிறகு லாயிட்டின் வண்டிக்கு நடந்து போய், பிஸ்கட்டின் கிண்ணத்தையும் கம்பளியையும் இறக்கி அக்குளில் இடுக்கிக்கொண்டார்.

வாலை ஆட்டிக்கொண்டு பிஸ்கட் முன்னால் நடக்க, விரிகுடாவிலேயே அதிகம் பேசும் மனிதர் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் அவள் பின்னால் வீட்டுக்குப் போனார்.