சங்கிலி சேராது

துலா மாதத்துக் காற்று நடுக்கூடத்துக்குள் புகுந்து, சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் படபடவென்று அடித்து, ஜன்னல் திரையை உள்ளே ஊதி, மேசைமேலிருந்த பழைய செய்தித்தாளைத் தரையில் தள்ளி, மூலையிலிருந்த ஒட்டடையைக்கூட விடாமல் அசைத்துவிட்டுப் போனது. உத்தரத்திலிருந்து தொங்கிய நான்கு பித்தளைச் சங்கிலிகள் மட்டும் அசையவில்லை.

நீலாம்பாள் கையில் தேநீரோடு வாசற்படியில் நின்று அதைப் பார்த்தாள். அவற்றில் தொங்கிய ஊஞ்சல் கட்டிலை விற்று, கழற்றி அனுப்பிய புதிதில் அவை இப்படி இல்லை. மின்விசிறி சுழன்றால் போதும், நான்கும் ஒன்றோடொன்று உரசிக் கிலுங்கும். அந்தச் சத்தம் எரிச்சலாக இருக்கிறதென்று அவள் விசிறியையே நிறுத்தியிருக்கிறாள். இப்போது விறைத்து நின்றன. அடியில் கொக்கிகள் வெறுமையாகத்தான் இருந்தன. ஆனால் கனம் தொங்குகிற சங்கிலிதான் அப்படி நிற்கும்.

மழை ஈரத்தில் பித்தளை இறுகியிருக்கும் என்று சொல்லிக்கொண்டாள். பித்தளை ஈரத்தில் இறுகாது என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். பித்தளைச் சாமான் விற்றுத்தானே பிழைக்கிறாள்.

பாறசாலைச் சந்திப்பில் டைப்ரைட்டிங் வகுப்பு நடத்திய காலத்தில் ஊரே அவளை டீச்சர் என்று கூப்பிட்டது. கம்ப்யூட்டர் வந்து வகுப்பைத் தின்றது. அழுதுகொண்டிருப்பாள் என்று எதிர்பார்த்த சொந்தக்காரர்கள் முகத்தில் கரி பூசுகிற மாதிரி, அவள் மெஷின்களை விற்றுவிட்டு அந்தக் கம்ப்யூட்டரையே வாங்கினாள். இணையத்தில் ஏலம் போடுகிற அமெரிக்கச் சந்தை ஒன்று இருப்பதைக் கண்டுபிடித்தாள். நெய்யாற்றின்கரை, அதியன்னூர் பக்கத்துப் பழைய வீடுகள் இடிபடும்போது வெளியே வரும் மூக்கு வைத்த கிண்டிகளும் வெற்றிலைச் செல்லங்களும் நிலவிளக்குகளும் அவள் எழுதும் பத்து வரி ஆங்கிலத்தோடு கடல் தாண்டின. மற்றவர்கள் 'மிக அழகானது, மிகப் பழையது' என்று எழுதுவார்கள். அவள் குறையை முதலில் எழுதுவாள். ஓட்டை உண்டு. ஒட்டுப் போட்டது. மூடி வேறொரு கிண்டியுடையது. அதற்குக் கீழே நிபந்தனைகள்: அனுப்பும் செலவு வாங்குபவருடையது, படத்தில் இருப்பதே பொருள், திருப்பி எடுக்கப்படாது. இத்தனை தெளிவாக ஒரு பெண் பேசினால் ஊரில் வாயாடி என்பார்கள். அமெரிக்காவில் நம்பகமான விற்பனையாளர் என்று நட்சத்திரம் கொடுத்தார்கள்.

ஆட்டுகட்டிலை விற்றது மட்டும் வியாபாரத்துக்காக அல்ல. அது பழிவாங்கல்.

பெரியப்பா வேலாயுதன் பிள்ளை ஒரு பக்கம் விழுந்துபோய் அந்தக் கட்டிலில் கிடந்தார். கிடந்தபடியே வீட்டை ஆண்டார். ஆட்டம் நிற்கக் கூடாது. நின்றால் நல்ல கையிலிருந்த கல்மோதிரத்தால் சங்கிலியில் தட்டுவார். டிங். அந்த ஒரு தட்டுக்கு அம்மா அடுப்பில் கிடப்பதைப் போட்டுவிட்டு ஓடி வருவாள். இடது கையால் சங்கிலியைப் பிடித்து ஆட்டிக்கொண்டே வலது கையால் கீரை ஆய்வாள், நின்றபடியே சாப்பிடுவாள். வருஷக்கணக்காக நின்று நின்று அவளுடைய இடது தோள் இறங்கிப்போயிற்று. சின்ன வயதில் நீலாம்பாளையும் ஆட்டச் சொல்லித் தட்டினார். அவள் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, மாட்டேன் என்று நின்றாள். அன்றும் சரி, பிறகும் சரி, அந்தச் சங்கிலியை அவள் தொட்டதே இல்லை. யாரையும் ஆட்டிக்கொண்டு நிற்கிற வேலை நமக்கு ஆகாது என்று கல்யாணமும் வேண்டாமென்றுவிட்டாள்.

பெரியப்பா போன அன்று அம்மா, "இனி நான் கொஞ்சம் இரிக்கட்டா மக்கா?" என்று கேட்டாள். அடுக்களைப் பலகையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து ஒரு பெருமூச்சு விட்டாள். அம்மா உட்கார்ந்து நீலாம்பாள் பார்த்தது அந்தச் சில மாதங்கள்தான். அதற்குள் அவளும் போய்விட்டாள். அந்தச் சில மாதமாவது அவளுக்குக் கிடைத்ததே என்பதுதான் நீலாம்பாளுக்கு இருந்த ஒரே ஆறுதல்.

கட்டிலைக் கழற்ற அம்பூரியிலிருந்து தச்சு வேலைக்காரர் சுந்தரதாஸ் வந்தார். அவளுக்குப் பெட்டி அடித்துக் கொடுப்பவர் அவர்தான்.

"சங்கிலியையும் களத்தட்டா டீச்சரே?"

"வேண்டாம். அது இங்க கெடக்கட்டு."

"சங்கிலி இல்லாம ஆட்டுகட்டிலு என்னத்துக்கு ஆவும்?"

"பசுவ வித்தா கயித்த குடுப்பியளா அண்ணா?"

சுந்தரதாஸ் சிரித்தார். பசுவை விற்றால் பழைய கயிற்றை அவிழ்த்துத் தொழுவத்திலேயே போட்டுவிடுவார்கள். வாங்குகிறவன் புதுக் கயிறு கொண்டுவருவான். கயிறு போனால் வீட்டின் ஐசுவரியமும் கூடப் போய்விடும் என்பது வழக்கம். "அது சீவனுள்ள சாமானாக்கும் டீச்சரே. இது வெறும் பலகை."

"எங்க வீட்டுல எத வித்தாலும், கட்டினத குடுக்க மாட்டோம்."

ஊரில் எல்லாரையும் எதிர்த்துப் பேசுகிறவள், இந்த ஒரு வழக்கத்தை மட்டும் யோசிக்காமல் பிடித்துக்கொண்டாள். விளம்பரத்திலும் தெளிவாக எழுதினாள்: சங்கிலி சேராது.

கட்டிலை வாங்கிய, அங்கே ஆற்றங்கரை ஊர் ஒன்றில் இருக்கும் அமெரிக்கக்காரி அன்று காலை மின்னஞ்சல் அனுப்பியிருந்தாள். கட்டில் பத்திரமாக வந்துவிட்டது. இத்தனை இலேசான, இத்தனை அமைதியான கட்டிலில் தான் படுத்ததே இல்லை. பழைய சங்கிலிகளும் வேண்டும், என்ன நிபந்தனை? நீலாம்பாள் அதை இரண்டாம் முறை படித்தாள். அமைதியான கட்டில். இலேசான கட்டில். திரும்பிக் கூடத்தைப் பார்த்தாள்.

கிர்ர்ர். கிர்ர்ர்.

உத்தரத்தில் கொக்கி மரத்தைத் தின்னும் சத்தம். சங்கிலிகள் நான்கும் ஒரே சீராக, ஒரே வீச்சில், முன்னும் பின்னுமாகப் போய்க்கொண்டிருந்தன. காற்று நின்றுபோயிருந்தது. ஈரமண் வாசனைக்கு அடியில் வேறொரு வாசனை மெல்ல எழுந்து வந்தது. கைகாலில் தேய்க்கச் சூடு காட்டிய குழம்பெண்ணெய், பல நாள் மாற்றாத தலையணை உறை, வெற்றிலைச் சாறு. அந்த வாசனை போவதற்காகத்தான் கட்டில் போன அன்று தரையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள்.

அவளுக்குப் பயம் வந்தது. வந்ததும் அதன்மேல் கோபம் வந்தது.

முற்றத்தில் சைக்கிள் நிற்கும் சத்தம் கேட்டது. கட்டினதைக் கொடுப்பதில்லை என்ற வழக்கத்தை இந்த ஒரு முறை உடைத்து, சங்கிலிகளை வைத்து அனுப்ப ஒரு சின்னப் பெட்டி வேண்டும் என்று காலையிலேயே போன் செய்து சொல்லியிருந்தாள். சுந்தரதாஸ் பெட்டியை இறக்கினார். படியில் ஏறப்போனவர் நின்றார்.

"டீச்சரே, கட்டில திருப்பி அனுப்பிட்டாவளா?"

"இல்லியே. என்னத்துக்கு கேக்கிய?"

"ஆடுத சத்தம் கேக்குது. அதான்."

"காத்தாக்கும்."

சுந்தரதாஸ் தலை நிமிர்ந்து தென்னைகளைப் பார்த்தார். ஓலை ஒன்றும் அசையவில்லை. பெட்டியைப் படியிலேயே வைத்தார். "ஆணி அடிக்கதுக்கு நாளைக்கு காலத்த வாறேன். நீங்க இண்ணைக்கு எனக்க வீட்டுல வந்து கெடங்க டீச்சரே. அவளும் பிள்ளைகளும் உண்டு."

"நான் எதுக்கு வரணும் அண்ணா? இது எனக்க வீடாக்கும். போக வேண்டியவரு வேற."

சுந்தரதாஸ் சைக்கிளை உருட்டிக்கொண்டே கேட் வரை போனார்.

பக்கத்து அறையில் கம்ப்யூட்டர் முன் நீலாம்பாள் உட்கார்ந்தாள். மஸ்கட்டிலிருந்து தம்பி கிருஷ்ணகுமார் கொடுத்தனுப்பிய சின்னக் கேமராவை வயரோடு இழுத்து நிலைப்படியில் வைத்தாள். கூடத்தைப் பார்க்காமலேயே படம் பிடித்தாள். மோடம் கீச்சிட்டு, கரகரத்து, லைனைப் பிடித்தது; படத்தையும் பார்க்காமலேயே ஏற்றிவிட்டாள். வெளிச்சம் மங்கி வந்தது.

அவள் தட்டச்சு செய்தாள்.

பித்தளைச் சங்கிலிகள், நான்கு. குறை: இவற்றில் ஒரு கிழவர் கிடக்கிறார். ஆட்டாவிட்டால் மோதிரத்தால் தட்டுவார்.

அமெரிக்கக்காரி இதைப் படித்து வேடிக்கை என்று சிரிப்பாள். சிரிக்கட்டும். குறையைச் சொல்லாமல் நீலாம்பாள் எதையும் விற்றதில்லை.

டிங்.

விரல் நின்றது. கால்கள் தானாகவே எழுந்துகொள்ளப் பார்த்தன. அம்மாவின் கால்கள் அப்படித்தான் எழும். அவள் இரண்டு பாதங்களையும் நாற்காலிக் காலோடு பின்னிக்கொண்டாள்.

"தட்டுங்க பெரியப்பா. எனக்கு வேலை உண்டு."

நிபந்தனை: தொங்குவது எல்லாம் வாங்குபவருக்கு. விற்பவர் இம்முறை எதையும் வைத்துக்கொள்ளவில்லை. எந்தக் காரணத்துக்காகவும் திருப்பி எடுக்கப்படாது.

டிங். டிங்.

வெளியிடுவதற்கு முன் சரிபார்க்கும் பக்கத்தைத் திறந்தாள். எழுத்துகள் முதலில் வந்தன. பிறகு படம். அந்த லைனில் படம் ஒரே மூச்சில் வராது; மேலிருந்து கீழே கோடு கோடாக இறங்கும். உத்தரம் வந்தது. கொக்கிகள் வந்தன. சங்கிலிகள், கொஞ்சம் கொஞ்சமாக. சங்கிலிகளின் பக்கத்தில் வெள்ளையாக ஏதோ.

நரைத்த வகிடு.

நெற்றி. கூடத்தின் இருட்டில் நின்றுகொண்டிருந்த ஒரு முகத்தின் பக்கவாட்டு. மூக்குத்தி. பிறகு தோள்கள். ஒன்று நேராக இருந்தது. ஒன்று இறங்கியிருந்தது.

"அம்மா."

கோடு இறங்கியது. இடது கை. சங்கிலியைப் பிடித்திருந்த கை. அதற்குக் கீழே, அதே சங்கிலியில், கட்டில் இருந்த இடத்திலிருந்து மேலே நீண்டிருந்த இன்னொரு கை. எண்ணெய் மினுங்கும், முடிச்சு விழுந்த விரல்கள். மோதிரம்.

படம் அங்கே நின்றது. அதற்குக் கீழே வெறும் சாம்பல் நிறம். லைன் அறுந்துவிட்டது.

நீலாம்பாள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அம்மா உட்கார்ந்தாள் என்று நினைத்தேனே. உட்கார்ந்துவிட்டாள் என்றுதானே நினைத்தேன். ஒரு தட்டுக்கு ஓடி வருகிறவளை அந்தக் கிழவன் செத்த பிறகும் விடவில்லை. திரையில் அவளே எழுதிய வரிகள் நின்றன: தொங்குவது எல்லாம் வாங்குபவருக்கு. திருப்பி எடுக்கப்படாது. அவள் எழுதிய குறையில் அம்மா இல்லை. லைன் திரும்பக் கிடைத்தாலும் ஒரு பொத்தான்தான். அழுத்தினால் அவன் கடல் தாண்டிப் போவான். அவனை ஆட்டிக்கொண்டு அம்மாவும் போவாள்.

எழுதியதை எல்லாம் அழித்தாள். எழுந்தாள்.

கூடத்தில் இருட்டு ஏறியிருந்தது. கிர்ர்ர். கிர்ர்ர். குழம்பெண்ணெய் நெடி. அதன் ஓரத்தில், மிக மெலிதாக, விறகுப் புகையும் கறிவேப்பிலையும். அம்மாவின் சேலை வாசனை.

"அம்மா, கைய எடுங்க," என்றாள். "எவ்வளவு காலமா நிக்கிய. போயி இரிங்க. நான் உண்டு."

முதுகுக்குப் பின்னால் கட்டியிருந்த கைகளை அவிழ்த்தாள். எப்போது கட்டிக்கொண்டாள் என்று அவளுக்கே தெரியவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாகச் சங்கிலியைப் பிடித்தாள்.

சூடாக இருந்தது. இப்போதுதான் ஒரு கை அங்கிருந்து விலகிய சூடு.

கனம் அவளை இழுத்தது. ஓரடி முன்னே. ஓரடி பின்னே. தரையில் குதிகால் வழுக்கியது. பல்லைக் கடித்தாள். இரண்டு கைகளாலும் பிடித்தாள். சாய்ந்தாள். ஆட்டுவதற்கு அல்ல. நிறுத்துவதற்கு.

கிர்ர்.

நின்றது.

அந்த வீட்டில் அதை யாரும் நிறுத்தியதில்லை. பின்னால் அடுக்களையில் பலகை இழுபட்டது. யாரோ மெல்ல உட்கார்ந்தார்கள். நீளமாக ஒரு பெருமூச்சு. நீலாம்பாள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் பிடி தளரும்.

டிங்.

"ஆட்ட மாட்டேன்."

டிங். டிங். டிங்.

"எவ்வளவு வேணும்னாலும் தட்டுங்க. இனி ஒரு தட்டுக்கும் அம்மா எழும்ப மாட்டாவ. நானும் ஆட்ட மாட்டேன்."

தட்டுவது நின்றது.

பக்கத்து அறைத் திரையின் நீல வெளிச்சம் நிலைப்படியைத் தாண்டி அவள் கைமேல் விழுந்திருந்தது. கைமேல் ஒன்றும் இல்லை. எண்ணெயின் வழுவழுப்பு மட்டும். சுண்டுவிரலருகே தோல் உள்ளே அமுங்கியது. பிறகு அடுத்த விரலருகே. ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல். நடுவில் வட்டமாக, குளிர்ச்சியாக, மோதிரக் கல் அளவுக்கு ஒரு குழி விழுந்து, மெல்ல ஆழமாகி, ஓரங்கள் வெளுத்துக்கொண்டே வந்தன.

நீலாம்பாள் கையை எடுக்கவில்லை. கூடத்தில் எதுவும் ஆடவில்லை.