ஒரு கால் சிவப்பு, ஒரு கால் வெள்ளை

சோர்லு ரயிலடியில் அன்று விடிந்தும் விடியாத மாதிரி ஒரு பனிமூட்டம்... தண்டவாளமே கண்ணுக்குத் தெரியவில்லை. கிழக்கே சத்தல்ஜா குன்றுகளில் பல்கேரியப் பீரங்கியும் துருக்கியப் பீரங்கியும் மாறி மாறி இருமிக்கொண்டிருந்தன.

தந்தி ஆபீஸ் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தவன், நேராகத் தந்தி அடிக்கும் நெவேனாவின் மேஜையில் மோதினான். மை கொட்டியது.

“கண்ணு தெரியலையா?”

“உங்களைப் பாத்துக்கிட்டேதான் வந்தேன்... மேஜையைத்தான் பாக்கல.”

மழை வருமுன் வானம் இருக்குமே, அப்படிச் சாம்பல் கண்கள் அவளுக்கு. சோபியா பத்திரிகை நிருபன் லூபென் ஒரு நொடி வந்த வேலையை மறந்தான்.

“போர்ச் செய்தி. என்னோடதுதான் முதல்ல போகணும்!”

பின்னால் மற்ற நிருபர்கள் வரிசைகட்டி நின்றார்கள். நெவேனா தட்டத் தொடங்கினாள். பாதியில் விரல் நின்றது.

‘...சரிவில் ஓர் இளம் சிப்பாய் இறந்து கிடந்தான். ஒரு காலில் சிவப்புக் காலுறை, மறுகாலில் வெள்ளை...’

அவர்கள் ஊரில் மார்ச் பிறந்தால் சிவப்பும் வெள்ளையுமாய் நூல் முறுக்கிக் கையில் கட்டுவார்கள், கெடுதல் அண்டாது. போருக்குப் புறப்பட்ட தம்பி தோபிரிக்கு அந்தக் காவலைத்தான் காலுறையாகப் பின்னிக் கொடுத்திருந்தாள். அப்படியொரு ஜோடி வேறு யாரிடமும் கிடையாது.

“இவனை... நீங்க கண்ணால பாத்தீங்களா?”

வரிசை முழுக்கக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றது.

“பின்னே? பக்கத்துல நின்னு பாத்தேன்.”

அவள் அழவில்லை. எழுந்து பனிக்குள் நடந்துவிட்டாள். அந்த முதுகைப் பார்த்ததும் லூபெனுக்குள் என்னவோ அறுந்தது. ஓடினான்.

“நில்லுங்க! பொய் சொன்னேன்...” எல்லோருக்கும் கேட்கும்படியே கத்தினான். “எங்களைச் சண்டை பக்கமே விடல. எதிர்த்தாப்பல மாவுமில்லுல உக்காந்து, சத்தத்தைக் கேட்டே எழுதுறோம்!”

“அப்போ அந்தக் காலுறை?”

அவன் குரல் தாழ்ந்தது. “அது பொய்யில்ல... ஜன்னலுக்கு வெளியே, சிந்திக் கிடந்த மாவு மேல ரெண்டு கால் நடந்து போச்சு. முழங்காலுக்கு மேல வெறும் பனி. சத்தமே இல்ல. இந்தப் பக்கமாத்தான் போச்சு...”

அப்போதுதான் காயம்பட்டவர்களின் ரயில் மெல்ல வந்து நின்றது. பெட்டி பெட்டியாய்த் தேடினாள்; லூபெனும் பின்னாலேயே போனான். வைக்கோல்மேல்... தோபிரி! தொடையில் கட்டு. உயிர் இருந்தது.

“எங்கேடா நடந்து திரிஞ்சே?”

“நடக்கவா? குண்டு பட்டதுலேருந்து எழுந்திருக்கவே இல்லையேக்கா. காய்ச்சல்ல ஒரு கனா... உன்னைத் தேடி வந்துக்கிட்டே இருந்தேன். ஒரு ஜன்னல்ல யாரோ எழுதிக்கிட்டிருந்தாங்க...” அவன் பார்வை லூபென்மேல் வந்து நின்றது. “இவர்தான்.”

நெவேனா போர்வையை விலக்கினாள். சிவப்புக் காலுறையின் அடியில் ஏதோ வெளுப்பாய்... தொட்டாள். மாவு.

அவள் கை, தானறியாமல் லூபெனின் கையை இறுகப் பற்றியது.

தம்பியை ஆஸ்பத்திரிக் கூடாரத்தில் சேர்த்துவிட்டுத் திரும்பியதும், லூபென் பழைய தாளைக் கிழித்தான்.

“நான் சொல்லச் சொல்ல அனுப்புங்க. ‘போரை நான் பார்க்கவில்லை.’”

தட்டினாள்.

“‘பனியைப் பார்த்தேன்.’”

தட்டினாள்.

“‘அந்தப் பனியில கண்ணால பாத்த நெஜம், ஒரு ஜோடி சாம்பல் கண்ணு மட்டும்தான். அது இல்லாம இனி எனக்குப் பொழுது விடியாது...’”

விரல் நின்றது. காது நுனிவரை சிவந்தாள்.

“நிருபரே... இதை அனுப்ப முடியாது.”

“ஏன்?”

“சேர வேண்டிய இடத்துக்கு வந்து சேந்துடுச்சே...”