இடப்பக்கக் கண்ணாடி

சிம்பாங் அம்பாட்டில், கார் கண்ணாடிகளுக்கு வெயில் மறைக்கும் கறுப்பு ஃபிலிம் ஒட்டும் காந்தனின் டின்டட் கடை திறக்கும் முன்பே கணேசமூர்த்தியின் கார் வாசலில் நின்றது. முந்தின நாள்தான் அவர் தம் ஒரே மகளுக்குக் கொள்ளி வைத்திருந்தார். மொட்டைத் தலையோடு நின்றவரைக் கண்டதும் காந்தன் ஷட்டரைத் தூக்கிக் காரை உள்ளே விடச் சொன்னான்.

மகள் தேவிஸ்ரீக்கு வெயில் ஆகாது. பட்ட இடமெல்லாம் சிவந்து எரியும் நோய். இடக்கை விரல் மூட்டுகள் வீங்கி, சுண்டுவிரல் வெளியே வளைந்திருக்கும். காலையில் மலாக்கா ஆஸ்பத்திரிக்குப் போகும்போது வெயில் இடப்பக்கம் அடிக்கும். அந்தக் கையைக் கண்ணாடியில் பதித்து முகத்தை மறைத்துக்கொள்வாள். டின்டட் போட்டுவிடலாம் என்று அவள் கேட்கும்போதெல்லாம், தீபாவளி கழியட்டும், பொங்கல் கழியட்டும் என்று இவர் தள்ளிப் போட்டார். வெறும் சோம்பல்தான். அஸ்தியாவது வெயில் படாமல் போகட்டும் என்றுதான் இப்போது வந்திருந்தார்.

வேலை முடிந்ததும் காந்தன் தணிந்த குரலில் சொன்னான்.

"அண்ணே, மூணு நாளைக்குக் கண்ணாடிய எறக்கிடாதீங்க, ஃபிலிம் உரிஞ்சிடும். உள்ளுக்குத் தொடைக்கவும் வேணாம். தண்ணி கோத்த மாதிரி மங்கலா இருக்கும், காயக் காயத் தானா போயிடும்லா."

சுடுகாட்டுக்குப் போய் வாங்கிய அஸ்திக் கலயத்தை முன்னால் இடப்பக்கம், மகளின் இருக்கையில் வைத்து பெல்ட் போட்டார். மனைவி பவானேஸ்வரி பின்னால் உட்கார்ந்தாள். உம்பாய் கடலில் கரைத்துவிட்டு இருவரும் திரும்பிப் பார்க்காமல் காருக்கு வந்தார்கள். திரும்பிப் பார்த்தால் போகிற உயிர் போகாது என்பார்கள். அவள் பட்ட பாடு போதும், நிம்மதியாகப் போகட்டும் என்றுதான் அவரும் நினைத்தார்.

கதவுகளைச் சாத்தியதும் உள்ளே இருட்டு கட்டியது. புது ஃபிலிமின் பசை வாடை மூக்கில் ஏறியது. கார் கிளம்பியது.

டொக்.

இடப்பக்கக் கண்ணாடியில் நகம் பட்ட ஓசை.

வண்டி வேகம் எடுத்தது. ஓசையும் கூடவே வந்தது.

டொக். டொக்.

பவானேஸ்வரி பின்னாலிருந்து மெல்லச் சொன்னாள். "கண்ணாடிய எறக்குங்க. புள்ள வெளிய நிக்கிது."

அவர் தலையைத் திருப்பவில்லை.

"மூணு நாளைக்கு எறக்கக் கூடாது."

சொன்ன வாயை அறுத்துப் போடலாம் போலிருந்தது அவருக்கு. வெளியே வெயில் கொளுத்தியது. சிறிது தூரத்தில் தட்டுவது நின்றது.

நாளாக ஆக எல்லாக் கண்ணாடியும் தெளிந்துவிட்டது. இடப்பக்கத்தில் மட்டும் ஒரு கை பதிந்த மாதிரி மங்கல் நின்றது. உள்ளே துடைத்தாலும் போகவில்லை, வெளியே துடைத்தாலும் போகவில்லை. ஃபிலிமுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் இருந்தது. சுண்டுவிரல் வெளியே வளைந்திருந்தது.

கடைக்குக் கொண்டுபோய்க் காட்டியபோது, உரித்துவிட்டுப் புதிதாகப் போட்டுத் தருவதாகக் காந்தன் சொன்னான். கணேசமூர்த்தி வேண்டாம் என்றார். அவன் உள்ளே போனதும் அதன்மேல் தம் கையை வைத்தார். வெயிலில் நின்ற கண்ணாடி ஐஸாகக் குளிர்ந்தது.

"அப்பாவ மன்னிச்சிரும்மா. உன்ன வெயில்லயே விட்டுட்டேன்," என்று சொல்லி அழுதார்.

அன்று மாலை சுங்கை ஊடாங்கில் அவருக்கு வேலை. தனியாகத்தான் ஓட்டிப் போனார். சாய்ந்த வெயில் இந்த முறை வலப்பக்கம், அவர் பக்கம் அடித்தது. டின்டட்டையும் மீறிக் கண் கூசியது. ஒரு கையால் முகத்தை மறைக்கப் பார்த்தார்.

மறைக்க வேண்டியிருக்கவில்லை.

அவர் கண்மேல் நிழல் விழுந்தது.

இடப்பக்கம் பார்த்தார். அந்தக் கண்ணாடி பளிச்சென்று தெளிந்திருந்தது.

அவருடைய பக்கக் கண்ணாடியில், சரியாக அவர் முகத்துக்கு நேரே, வெயிலை மறைத்தபடி ஒரு கை பதிந்திருந்தது. சுண்டுவிரல் வெளியே வளைந்திருந்தது.