முதல் பலகையில் தமிழரசி

“முறைன்னா முறைதான் அண்ணி. காலையில ஒம் பொண்ணு மொத பலகையில ஒக்காந்தா. இப்ப எம் பொண்ணு ஒக்காரணும்.”

“நா வேணாம்னா சொன்னேன், சந்திரம்மா? அந்த டீச்சரம்மாதான் வுட மாட்டேங்குது.”

“நம்ம முறையில தலையிட அவங்க யாரு?”

“நான்தான் இந்தப் போட்டிக்கு நடுவர்,” என்றார் பிரிசில்லா டீச்சர். “கொஞ்சம் மெதுவாப் பேசுங்கம்மா. மத்தவங்க ஆடக் காத்துகிட்டு இருக்காங்க.”

மெதுவாகப் பேசுவது சந்திரம்மாவுக்குத் தெரியாத கலை. கோவளத்துக் கரையில் மீன் ஏலம் போடும்போது அலைச் சத்தத்துக்கும் மேலே கேட்கிற குரல் அது. மாமல்லபுரத்துப் பள்ளிக்கூட மண்டபம் அதற்கு எந்த மூலை? பின்கட்டில் சோறு வடித்துக்கொண்டிருந்த சமையல்காரர் கரண்டியும் கையுமாக வந்து எட்டிப் பார்த்தார்.

சண்டைக்கு நடுவில் பதினொரு வயதுத் தமிழரசி நின்றாள். சந்திரம்மா அவளுக்கு அத்தை. பதில் பேசிய ஆதியம்மாள் அவளுடைய அம்மா. அத்தை மகள் சங்கவி பக்கத்தில் நின்று அவள் கையை இடித்தாள்.

“எனக்கு மொத பலகையெல்லாம் வேணாம்டி. எங்கம்மாக்குதான் வேணும்.”

“எனக்கும் வேணாம்,” என்றாள் தமிழரசி. “எங்கம்மா வாங்கிக் குடுத்துது.”

விஷயம் இதுதான். மாமல்லபுரத்துக்கு உலக நாடுகளெல்லாம் வந்து சதுரங்கம் ஆடிவிட்டுப் போனாலும் போயின, சுற்றுவட்டாரத்தில் வீட்டுக்கு வீடு ஒரு பலகை வந்துவிட்டது. கோவளம் பஸ் நிறுத்தத்தில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கும் சௌகத் அலி, கடை வாசலிலேயே பிள்ளைகளுக்கு ஆட்டம் சொல்லிக் கொடுத்தார். வட்டார அணிப் போட்டி வந்ததும் ஓர் அணியைச் சேர்த்தார். அவருடைய மகள் மஹீரா, சங்கவி, தீனா, தமிழரசி, இவர்கள் நால்வர். உபரிக்குத் தீனாவின் தம்பி.

தமிழரசி ஆட்டம் கற்றுக்கொண்டது போன மே மாதம்தான். இதுவரை ஒருவரையும் அவள் ஜெயித்ததில்லை. ஒரே ஒரு தடவையாவது ஜெயித்துப் பார்க்க வேண்டும் என்று ஆசை. அதைச் சொன்னால் சிரிப்பார்கள் என்பதால் சொல்வதில்லை.

அணிப் போட்டியில் நாலு பலகை. வழக்கமாக எல்லா ஊரிலும் கெட்டிக்காரப் பிள்ளையை முதல் பலகையில் உட்கார வைப்பார்கள். அடுத்தவர் இரண்டாவது. அப்படியே இறங்கிக்கொண்டு போகும். கோவளத்தில் அப்படி நடக்கவில்லை. முதல் பலகை என்றால் ஏதோ கல்யாண வீட்டில் முதல் பந்தி என்று அம்மாக்கள் நினைத்துக்கொண்டார்கள். யார் பிள்ளை அங்கே உட்காருவது என்று ஒரு வாரம் தெருவில் பேச்சு நாறியது. அதில் பாதி இங்கே எழுதத் தகாதது.

கடைசியில் ஆதியம்மாள்தான் வழி சொன்னாள்.

“ஒரே கரையில பத்து பேரு வலை போடறதில்லையா? இன்னிக்கு நீ, நாளைக்கு நானுன்னு முறை வெச்சிகினுதான போறோம். இதுக்கும் அப்டியே வெச்சிக்கலாம்.”

கரையிலிருந்து இழுக்கும் பெரிய வலைக்கு அந்த ஊரில் அதுதான் வழக்கம். முறை என்று வந்துவிட்டால் அதற்கு மேல் வாய் திறக்க மாட்டார்கள். சௌகத் அலியின் ஹெல்மெட்டுக்குள் சீட்டுப் போட்டுக் குலுக்கினார்கள். முதல் முறை தமிழரசிக்கு, அடுத்தது சங்கவிக்கு, பிறகு மஹீராவுக்கு, தீனாவுக்கு. ஒவ்வொரு சுற்றிலும் ஒருவர் முதல் பலகையில். எல்லோருக்கும் திருப்தி.

போட்டியின் விதிமுறைத் தாள் சௌகத் அலியிடம் இருக்கத்தான் இருந்தது. ஆனால் வரும் வழியில் போண்டா எண்ணெயை ஒற்றி எடுக்க அது பயன்பட்டுவிட்டது.

இப்போது பிரிசில்லா டீச்சர் அந்த விதியை வாயாலேயே சொன்னார்.

“முதல் சுற்றுல எந்த வரிசையில உட்கார்ந்தாங்களோ, கடைசி வரைக்கும் அதே வரிசைதான். மாத்தி உட்கார்ந்து ஆடினா அந்த ஆட்டமெல்லாம் தோல்வின்னு எழுதிடுவோம்.”

“அப்ப எம் பொண்ணு முறை?” என்றாள் சந்திரம்மா.

“முறையே கிடையாதும்மா. ஒண்ணு செய்யலாம். யாராவது ஒருத்தர் ஒதுங்கிக்கலாம். அவங்களுக்குக் கீழ இருக்கறவங்க ஒரு பலகை மேல வருவாங்க. உபரி ஆள் கடைசிப் பலகையில உட்காரலாம்.”

எல்லோரும் திரும்பித் தமிழரசியைப் பார்த்தார்கள். பார்க்காத மாதிரி பார்த்தவர்களும் உண்டு.

சௌகத் அலி குனிந்து மெல்லச் சொன்னார். “கண்ணு, தப்பா எடுத்துக்காத. நீ இந்தச் சுத்து ஒக்காந்து வேடிக்கை பாக்கறியா? மொத பலகைன்னா ஊருக்கு ஊரு பெரிய ஆளுங்களா வருவாங்க.”

அது உண்மைதான். முதல் சுற்றில் நெம்மேலிப் பையன் ஒருவன், தமிழரசி தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறந்து மூடுவதற்குள் அவளை முடித்துவிட்டான். கேட்டால் அவன்தான் அந்த ஊரிலேயே கெட்டிக்காரனாம்.

தமிழரசிக்கு அங்கேதான் ஒன்று உறைத்தது. நெம்மேலியின் கெட்டிக்காரன் அவளோடு மாட்டிக்கொண்டான். மிச்சப் பிள்ளைகள்தான் சங்கவிக்கும் மஹீராவுக்கும் தீனாவுக்கும் கிடைத்தார்கள். மூவரும் ஜெயித்தார்கள். அவள் ஒதுங்கினால் ஆளாளுக்கு ஒரு படி மேலே ஏறி, ஒரு படி பெரிய ஆளோடு மோத வேண்டும். கடைசிப் பலகையில் தீனாவின் தம்பி. அவனுக்குக் குதிரை எப்படிப் போகும் என்பதே அவ்வப்போது மறந்துபோகும்.

“நா எழுந்துக்க மாட்டேன், பாய் மாமா,” என்றாள். “நா ஒருத்தி தோத்துக்கறேன். அவங்க மூணு பேரும் ஜெயிச்சிடுவாங்க.”

சௌகத் அலி ஒரு நிமிடம் அவளையே பார்த்தார். பிறகு பலகைகளைப் பார்த்தார். பிறகு தலையைச் சொறிந்தார்.

“தோக்கறதுக்கா ஒன்ன பஸ் ஏத்தி இட்டாந்தேன்?” என்றாள் ஆதியம்மாள்.

“அதான் மொத பலகை வாங்கிக் குடுத்தியேம்மா. அங்க இதான் வேல.”

சந்திரம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அண்ணி சொந்த மகளிடமே மாட்டிக்கொண்டதைப் பார்க்கக் கிடைத்த சந்தோஷத்தில் முறையை மறந்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

இரண்டாம் சுற்றில் தமிழரசி சொன்னபடி தோற்றாள். மற்ற மூவரும் ஜெயித்தார்கள். திட்டம் சரியாக நடந்தாலும், எதிரே இருப்பவன் “அவ்ளோதானா?” என்று கேட்டுவிட்டு எழுந்து போவது நன்றாக இருக்காது. மதியச் சாப்பாட்டில் அவள் அப்பளத்தைக்கூட மஹீராவிடம் தள்ளிவிட்டாள். சின்ன விஷயம்தான், ஆனால் தமிழரசி அப்பளத்தை விட்டுக்கொடுத்ததாக அதற்கு முன் சரித்திரம் இல்லை.

மூன்றாம் சுற்றும் அப்படியே போனது. இறுதிச் சுற்று திருக்கழுக்குன்றத்தோடு. ஜெயித்தால் செங்கல்பட்டில் மாவட்டப் போட்டி. அந்த அணியின் முதல் பலகை பாலசுப்ரமணியன். ஏற்கெனவே நாலைந்து கோப்பை வாங்கியவன். கோப்பைகளின் உயரம் வரைக்கும் அவனுடைய சித்தப்பா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆட்டம் தொடங்குமுன் பிரிசில்லா டீச்சர் இன்னொரு விதியைச் சொன்னார்.

“ரெண்டுக்கு ரெண்டுன்னு சமமா வந்தா, முதல் பலகையில ஜெயிச்ச அணிக்குத்தான் வெற்றி.”

தமிழரசி மனசுக்குள் கணக்குப் போட்டாள். மூன்று பேரில் ஒருவர் தோற்றாலும் போச்சு. சௌகத் அலி மறுபடியும் அவளைப் பார்த்தார். அவள் சங்கவியைப் பார்த்தாள்.

“அவன நா மட்டும் ஜெயிச்சிடுவனா?” என்றாள் சங்கவி. “நீயே ஒக்காரு. இருக்கற எடத்த கலைக்காத.”

தமிழரசி போய் உட்கார்ந்தாள்.

பாலசுப்ரமணியன் ஒரு காயை நகர்த்துவான், எழுந்து போவான். மற்ற பலகைகளைப் பார்ப்பான். நண்பர்களிடம் கண் சிமிட்டுவான். வாசலுக்குப் போய் ஜூஸ் குடிப்பான். அவன் கடிகாரம் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஓடினால் என்ன, தமிழரசியின் காய்கள் அதைவிட வேகமாகக் குறைந்துகொண்டிருந்தன.

நாலாம் பலகையில் தீனா ஜெயித்தான். மூன்றாம் பலகையில் மஹீரா ஜெயித்தாள். இரண்டாம் பலகையில் சங்கவி மூக்கை உறிஞ்சிக்கொண்டே எழுந்து வந்தாள். இரண்டுக்கு ஒன்று.

மிச்சம் முதல் பலகை. தமிழரசியிடம் இருந்தது ஒரு ராஜா, ஒரு சிப்பாய். பாலசுப்ரமணியனிடம் ஒரு ராணி, அடுத்த ராணியாக மாறப் போகிற ஒரு சிப்பாய், அவனுடைய ராஜா.

“பாய், வுட்ற சொல்லுங்க,” என்று முனகினாள் ஆதியம்மாள். “புள்ள மூஞ்சப் பாக்க முடியல.”

அணித்தலைவர் ஆட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசக் கூடாது. ஆட்டத்தை விட்டுவிடலாம் என்று மட்டும் சொல்லலாம், அதற்கு விதி உண்டு. சௌகத் அலி அவளருகே போனார்.

“வேணும்னா வுட்டுடலாம் கண்ணு.”

தமிழரசி பலகையிலிருந்து கண்ணை எடுக்காமல் தலையை ஆட்டினாள். வேண்டாம்.

ஓயாமல் தோற்கிறவர்களுக்கு மட்டும் தெரிந்த சில மூலைகள் உண்டு. ராஜா தனியாக மாட்டிக்கொண்டு ஓடுவது எப்படி என்று அந்த மண்டபத்தில் அவள் அளவுக்குத் தெரிந்தவர் எவரும் இல்லை. ராஜாவுக்கு ‘செக்’ வைக்காமல், அதே சமயம் அது நகர இடமும் இல்லாமல் அடைத்துவிட்டால், நகர்த்த வேறு காயும் இல்லையென்றால், அது தோல்வி இல்லை. ஆட்டம் டிரா.

ஆனால் அவளிடம் இன்னும் ஒரு சிப்பாய் இருக்கிறானே. அவன் நகர்வானே.

தமிழரசி அந்தச் சிப்பாயை, ராணி கண்ணெதிரே, ஒரு கட்டம் முன்னால் தள்ளினாள். ராஜா மூலையில் இருந்தது.

பாலசுப்ரமணியன் சிரித்தான். ராணியால் சிப்பாயை ‘டக்’ என்று வெட்டி எடுத்து, சித்தப்பா பக்கம் பார்த்தான்.

தமிழரசி ராஜாவைப் பக்கத்துக் கட்டத்துக்கு நகர்த்தினாள். அவன் ராணியை ஒட்டிக் கொண்டுவந்தான். அவள் மூலைக்குத் திரும்பினாள். அவன் கடிகாரத்தைப் பார்த்தான். முதல் முறையாக முகம் மாறியது. நொடிகள்தான் மிச்சம்.

அவசர அவசரமாகத் தன் சிப்பாயைக் கடைசிக் கட்டத்துக்குத் தள்ளி, இரண்டாவது ராணியை எடுத்து வைத்துக் கடிகாரத்தைத் தட்டினான்.

தமிழரசி தன் ராஜாவைச் சுற்றியிருந்த கட்டங்களை ஒவ்வொன்றாக விரல் வைக்காமல் எண்ணிப் பார்த்தாள். அங்கே போக முடியாது. இங்கேயும் முடியாது. செக்கும் இல்லை.

கடிகாரத்தை நிறுத்திவிட்டுக் கையைத் தூக்கினாள்.

“டீச்சர், எனக்கு நகர எடமே இல்ல. ஆனா செக்கும் இல்ல.”

பிரிசில்லா டீச்சர் வந்து குனிந்து பார்த்தார். ஒரு சுற்றுச் சுற்றி வந்து அந்தப் பக்கத்திலிருந்தும் பார்த்தார்.

“டிரா,” என்றார்.

“அதெப்படி?” என்று சித்தப்பா எழுந்தார். “ராஜா நகர எடமில்லன்னா தோத்தாச்சுன்னு அர்த்தம்.”

“இல்ல சித்தப்பா,” என்றான் பாலசுப்ரமணியன், தலையைக் குனிந்தபடி. “டிராதான்.”

ஆதியம்மாளுக்கு இன்னும் புரியவில்லை. “அந்த ராஜா பூட்டானா, பொழச்சானா?”

“ரெண்டும் இல்லக்கா,” என்றார் சௌகத் அலி. “அரைப் புள்ளி. ரெண்டரைக்கு ஒன்றரை. நாமதான் செங்கல்பட்டு போறோம்.”

சந்திரம்மா அண்ணியைக் கட்டிக்கொண்டாள். அதைப் பார்த்தவர்கள் பல பேர் நம்பவில்லை, பிறகு கேட்டபோது இருவருமே மறுத்துவிட்டார்கள்.

பாலசுப்ரமணியன் மட்டும் எழுந்திருக்கவில்லை. கண் கலங்கியிருந்தது. தமிழரசி காய்களைப் பெட்டிக்குள் அடுக்கி முடித்தாள்.

“மொத தடவ அப்டிதான் இருக்கும்,” என்றாள். “சாயந்திரத்துக்குள்ள பசிக்க ஆரம்பிச்சிடும். அப்புறம் சரியாயிடும். நா காலையிலேந்து பாத்துகினு கீறேன்.”

அவன் சிரிக்கக் கூடாது என்று பார்த்தான். முடியவில்லை.

செங்கல்பட்டில் முதல் சுற்றிலேயே கோவளம் வெளியே வந்துவிட்டது, அதை இங்கே யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. பிரிசில்லா டீச்சருக்குத் தை மாதம் கல்யாணம் ஆனது. மாப்பிள்ளைக்குத் தூத்துக்குடியில் வேலை, டீச்சரும் அங்கேயே போய்விட்டார். மாப்பிள்ளைக்குச் சதுரங்கம் தெரியாதாம், கேரம்போர்டுதானாம். நமக்கென்ன வந்தது?

பாலசுப்ரமணியனின் அப்பாவுக்கு நெம்மேலிப் பக்கம் வேலை மாறியது. குடும்பத்தோடு கோவளத்துக்கே குடிவந்தார்கள், சௌகத் அலி கடைக்கு மூன்றாவது வீடு. அடுத்த போட்டிக்கு அவனும் அணியில் சேர்ந்தான். பெயர் எழுதும் நாளில் முதல் பலகை யாருக்கு என்று சௌகத் அலி கேட்டார். எல்லோரும் தமிழரசியைத்தான் பார்த்தார்கள்.

தமிழரசி பாலசுப்ரமணியனைக் கை காட்டினாள்.

“நீ அங்க ஒக்காரு. நா நாலாவதுல ஒக்கார்றேன். இந்தத் தடவ எனக்கு ஜெயிக்கணும்.”